மாடிக்கு மாடி குளிர்நீர்க் கணக்கு: எந்த மீட்டர், எங்கே பொருத்துவது?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் தரைத்தளமும் ஆறு மாடிகளும் கொண்ட எங்கள் அலுவலகக் கட்டடத்துக்கு, நீரைக் குளிர்விக்கும், 150 டன் திறனுள்ள இரண்டு சில்லர் இயந்திரங்களிலிருந்து குளிர்நீர் போகிறது. அதற்கான மின்செலவை இதுவரை சதுர அடிக் கணக்கில் பிரித்து வாங்கி வருகிறோம். இரண்டு ஷிஃப்ட் நடத்தும் மூன்றாம் மாடி நிறுவனமும், பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் ஐந்தாம் மாடி நிறுவனமும் ஒரே தொகையைக் கட்டுவதால் மாதந்தோறும் சச்சரவுதான். மாடிக்கொரு பி.டி.யு. மீட்டர் (எடுத்துக்கொண்ட குளிர்ச்சியை அளப்பது) போடுவதென்று சங்கத்தில் முடிவெடுத்து மூன்று விலைப்புள்ளிகள் வாங்கியிருக்கிறோம். ஒன்று, எங்கள் 4 அங்குலக் குழாய்க்குப் பொருந்தும் 4 அங்குல மின்காந்த மீட்டர். இரண்டாவது, இரண்டரை அங்குல அல்ட்ராசானிக் மீட்டர். கணக்கிடும் கருவியும் வெப்பநிலை உணரிகளும் சேர்ந்தே வரும். மூன்றாவது, குழாயை வெட்டாமல் வெளியே கட்டிவிடும் கிளாம்ப்-ஆன் மீட்டர். விலை இதற்குத்தான் குறைவு. எதை வாங்கினாலும் ஏ.எச்.யூ. (குளிர்காற்றை மாடிக்குள் ஊதும் இயந்திரம்) அறையில் இடம் கிடைத்த இடத்தில் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஃபிட்டர். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது? எல்லா மீட்டர்களையும் கூட்டினால் மொத்தக் கணக்கோடு ஒத்துப்போகுமா?
— கட்டடச் சங்கச் செயலாளர், சென்னை

பதில்:

தங்கள் கடிதத்தையும் இணைத்திருந்த மூன்று விலைப்புள்ளிகளையும் படித்தேன். இரண்டாவதை வாங்குங்கள், ஆனால் அது இப்போது எழுதப்பட்டிருக்கும் வடிவத்தில் வேண்டாம். மூன்று நிறுவனங்களும் நீரோட்டத்தை அளக்கும் பாகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, வெப்பநிலை உணரிகளைப் பற்றி 'இரண்டு எண்ணிக்கை' என்று ஒரே வரியில் முடித்திருக்கின்றன. குளிர்நீர்க் கணக்கில் பணம் கசியும் இடம் பெரும்பாலும் அந்த ஒற்றை வரிதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பி.டி.யு. மீட்டர் என்று நாம் சொல்வது ஒரு கருவியன்று, மூன்று கருவிகளின் கூட்டு. மணிக்கு எத்தனை கன மீட்டர் நீர் போகிறது என்பதை ஒன்று அளக்கிறது. உள்ளே போகும் நீருக்கும் திரும்பி வரும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை ஓர் இணை உணரிகள் அளக்கின்றன. இவ்விரண்டையும் பெருக்கி, நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவது கணக்கிடும் கருவி. கணக்கு எளியது: மணிக்கு ஓடும் கன மீட்டரை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, அதை 1.163 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும், 3.517 கிலோவாட் ஒரு டன். தங்கள் கட்டடத்தில் ஒரு மாடிக்கு 40 டன் என்று வடிவமைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசம் 5.5 டிகிரி என்று கொண்டால், அந்த மாடிக்கு முழுச் சுமையில் மணிக்கு 22 கன மீட்டர் நீர் வேண்டும்.

இப்போது அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். இதே மீட்டரை ஐரோப்பாவில் குளிர்கால வெந்நீர்ச் சூடேற்றத்துக்குப் போடுகிறார்கள். அங்கே 80 டிகிரியில் போன நீர் 60 டிகிரியில் திரும்பினால் வித்தியாசம் 20 டிகிரி. உணரிகள் கால் டிகிரி தவறினாலும் பில்லில் ஒன்றேகால் விழுக்காடுதான் பிசகும். நமக்கு 7 டிகிரியில் போன நீர் 12 டிகிரியில் திரும்புகிறது. அதே கால் டிகிரி இங்கே 5 விழுக்காடு. ஐந்தாம் மாடியைப் போலப் பாதிச் சுமையில் ஓடி, வித்தியாசம் 2 டிகிரிக்குச் சுருங்கிவிட்ட இடத்தில் அது பன்னிரண்டரை விழுக்காடாகிவிடும். நீரோட்டத்தை அரை விழுக்காட்டுத் துல்லியத்தில் அளக்கும் விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டு, அதனருகே கடையில் தனித்தனியாக வாங்கிய இரண்டு உணரிகளைச் செருகுவது, தங்கம் நிறுக்கும் தராசில் புளி மூட்டையின் எடைக்கல்லை வைப்பது போன்றது.

தனித்தனி உணரிகள் எவ்வளவு தவறலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிளாட்டினம் உணரிகளுக்கான ஐ.இ.சி. 60751 தரத்தின்படி, 'பி' வகுப்பு உணரி 10 டிகிரியில் 0.35 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். ஒன்று கூட்டியும் மற்றொன்று குறைத்தும் காட்டினால் வித்தியாசத்தில் 0.7 டிகிரி பிழை வந்துவிடும். ஐந்து டிகிரி வித்தியாசத்தில் அது 14 விழுக்காடு. அப்போதும் இரண்டு உணரிகளும் 'தரத்துக்கு உட்பட்டவை'யே. இதைத் தவிர்க்கத்தான் ஒரே மாதிரி தவறும் இரண்டு உணரிகளைத் தொழிற்சாலையிலேயே பொறுக்கி, ஓர் இணையாக எண்ணிட்டு விற்கிறார்கள். விலைப்புள்ளியில் 'இணைசேர்த்துச் சோதிக்கப்பட்ட பி.டி. 500 உணரிகள், இணைக்குரிய சோதனைச் சான்றுடன்' என்று எழுத்தில் கேளுங்கள். பி.டி. 500 என்பது பூஜ்ய டிகிரியில் 500 ஓம் மின்தடை காட்டும் பிளாட்டினம் உணரி. ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். பழுதான ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும் சிக்கனம் நம் ஊரில் அதிகம்.

மீட்டருக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1434. அதில் 1, 2, 3 என்று துல்லிய வகுப்புகள் உண்டு. தங்களுக்கு இரண்டாம் வகுப்பு போதும். ஆனால் 'இரண்டாம் வகுப்பு என்றால் 2 விழுக்காடு' என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தபட்ச வித்தியாசம் 3 டிகிரி என்று குறிக்கப்பட்ட மீட்டர், 5 டிகிரி வித்தியாசத்தில், பெயரளவு ஓட்டத்தின் (மீட்டர் தொடர்ந்து அளக்க வடிவமைத்த ஓட்டம்) பத்தில் ஒரு பங்கில் ஓடும்போது, ஓட்டத்துக்கு 2.2, உணரிகளுக்கு 2.3, கணக்கிடும் கருவிக்கு 1.1 என்று மொத்தம் ஐந்தரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் தவறத் தரமே இடம்கொடுக்கிறது. அதனால் குறைந்தபட்ச வித்தியாசம் 2 டிகிரி என்று குறிக்கப்பட்ட மீட்டர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஐரோப்பிய அளவைக் கருவி ஆணையின் 'எம்' முத்திரையை இரண்டாவது நிறுவனம் பெரிதாகக் காட்டியிருக்கிறது. அந்த ஆணை வெப்பத்தை அளக்கும் மீட்டருக்கென்று எழுதப்பட்டது; அந்த முத்திரையை மட்டும் குளிர்ச்சி அளவுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். முத்திரை இருப்பதில் தவறில்லை. அத்துடன் குளிர்நீர் வெப்பநிலையில் செய்த சோதனைச் சான்றையும் ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

உணரிகள் வந்து இறங்கியதும், பொருத்துவதற்கு முன் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டீ வாங்கும் ஃபிளாஸ்க் ஒன்றில் நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் நீரையும் போட்டு, இரண்டு உணரிகளையும் சேர்த்துக் கட்டி, நுனிகள் ஃபிளாஸ்கின் சுவரைத் தொடாமல் நடுவில் நிற்குமாறு இறக்கி, பத்து நிமிடம் விட்டுத் திரையைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டுக்கும் இடையே 0.1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரியக் கூடாது. இது ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் பெட்டிகள் மாறி வேறோர் இணையின் உணரி வந்து சேர்ந்திருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். அப்படி வந்ததை நான் இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உணரிகளின் வயரில் கைவைக்க விடாதீர்கள். இரண்டு வயர் உணரியில் வயரின் மின்தடையும் சேர்ந்தே அளவிடப்படுகிறது. பி.டி. 500 உணரி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.95 ஓம் மாறும். அரை சதுர மி.மீ. செம்பு வயரில் போகவர ஒரு மீட்டருக்கு 0.07 ஓம். மாடிக்குள் நீர் போகும் சப்ளை குழாய் எட்டவில்லை என்று எலக்ட்ரீஷியன் ஒரு பக்கம் மட்டும் 5 மீட்டர் ஒட்டுப்போட்டு நீட்டினால் 0.35 ஓம் கூடி, அந்த உணரி 0.18 டிகிரி அதிகமாகக் காட்டும்; பில்லில் ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு போய்விடும். தேவையான நீளத்தை முன்பே அளந்து, இரண்டும் ஒரே நீளத்தில் தொழிற்சாலையிலிருந்தே வரும்படி கேளுங்கள். பத்து மீட்டருக்கு மேல் போகுமென்றால் நான்கு வயர் இணைப்பு வாங்குவதே முறை.

உணரியின் நுனி குழாயின் நடுவையோ அதற்குச் சற்று அப்பாலோ எட்ட வேண்டும். முழங்கை வளைவில் ஓட்டத்தை எதிர்நோக்கிச் செருகினால் மிகவும் நல்லது. இரண்டும் நேரடியாக நீரில் நிற்க வேண்டும், அல்லது இரண்டுமே ஒரே வகைத் தெர்மோவெல்லில் (உணரியைச் செருகும் உலோக உறையில்), வெப்பம் கடத்தும் பசையோடு நிற்க வேண்டும். ஒன்று நீரிலும் மற்றது தெர்மோவெல்லிலும் இருப்பது கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டடத்தில் ஒரே மாதத்தில் ஒரு வாடகைதாரரின் பில் 70 விழுக்காடு ஏறிவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மீட்டரை மாற்றுவதற்கு ஆர்டரே போட்டுவிட்டார்கள். ஏணி போட்டு ஏறி, நீர் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயின் மேல் சுற்றிய கறுப்பு லேகிங்கை (வெப்பக் காப்புறை) வெட்டிப் பார்த்தால், உணரி தெர்மோவெல்லைவிட்டு முக்கால் பங்கு வெளியே வந்து, ஈரமான லேகிங்குக்குள் சாய்ந்து கிடந்தது. ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்த யாரோ அந்த வயரைப் பிடிமானமாக இழுத்திருக்கிறார்கள். 12 டிகிரி காட்ட வேண்டியது பதினைந்தரை காட்டியது. 5 டிகிரி வித்தியாசம் எட்டரை ஆகியிருந்தது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை. உணரியைப் பூட்டும் திருகுக்கு ஈய முத்திரை போட்டிருந்தால் அந்த வாடகைதாரர் ஒரு மாதம் சண்டையிட்டிருக்க வேண்டியதில்லை.

இனி ஓட்டத்தை அளக்கும் பாகம். குழாய் 4 அங்குலம் என்பதால் மீட்டரும் 4 அங்குலமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மீட்டரின் அளவை ஓட்டத்தைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். மணிக்கு 22 கன மீட்டர் நீர் 100 மி.மீ. குழாயில் நொடிக்கு 0.78 மீட்டர் வேகத்தில்தான் போகும். அது முழுச் சுமையில். மூன்றாம் மாடியில் இரவில் சர்வர் அறை மட்டும் 3 டன் எடுக்கும்போது மணிக்கு 1.65 கன மீட்டர்தான் ஓடும். வேகம் நொடிக்கு 6 செ.மீ. அந்த வேகத்தில் மின்காந்த மீட்டரின் பிழை கணிசமாக ஏறிவிடும். குறைந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும்படி அமைத்திருந்தால் இரவு முழுவதும் பூஜ்யமே காட்டவும் கூடும். சச்சரவுக்குக் காரணமான மாடியே இரவில் இலவசமாகக் குளிர்ச்சி வாங்கிக்கொண்டிருக்கும். 65 மி.மீ. (இரண்டரை அங்குல) மீட்டரில், பெயரளவு ஓட்டம் மணிக்கு 25 கன மீட்டர் என்றால், அதே 1.65 கன மீட்டர் ஓட்டத்தையும் இரண்டாம் வகுப்பு வரம்பின்படி ஏறத்தாழ 2.3 விழுக்காட்டுக்குள் அளக்க வேண்டும். குழாயைச் சுருக்கினால் அழுத்த இழப்பு வருமே என்று தங்கள் பம்ப் ஆபரேட்டர் கேட்பார். பெயரளவு ஓட்டத்தில் அது 0.25 பாரைத் தாண்டக் கூடாது என்பது தரத்தின் வரம்பு. அல்ட்ராசானிக் மீட்டர்களில் வழக்கமாக அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும்.

மின்காந்த மீட்டர் மோசமானது என்று நான் சொல்லவில்லை. சில்லர் அறையின் பெரிய ஹெடர் குழாய்க்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். மாடிகளில் எனக்குள்ள தயக்கம் வேறு: அது வெளிமின்சாரத்தில் ஓடுவது. மாடியின் பேனலில் ஒரு சுவிட்சை இறக்கினால் கணக்கு நின்றுவிடும், குளிர்நீர் நிற்காது. பேட்டரியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடும் அல்ட்ராசானிக் மீட்டரில் இந்த வம்பு இல்லை. அதற்குள் சுழலும் பாகம் இல்லாததால் பழைய குழாயின் துருத் துகளில் சிக்கி நிற்கவும் வாய்ப்பில்லை.

மூன்றாவதான கிளாம்ப்-ஆன் மீட்டரைப் பில் போட வாங்காதீர்கள். குழாயின் உட்சுவர்த் துரு, சுவரின் தடிமன், உணரிக்கடியில் தடவிய ஜெல் நாளடைவில் காய்ந்துபோவது எல்லாமே அதன் அளவைப் பாதிக்கும். குழாயின் மேல் கட்டிய வெப்பநிலை உணரியோ நீரையும் லேகிங்கையும் கலந்து படிக்கும். ஆனால் ஒன்று செய்யுங்கள்: அதையே ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு மாடியிலும் ஒரு நாள் கட்டிப் பாருங்கள். வரைபடத்தில் 22 கன மீட்டர் என்று எழுதியிருக்கும் மாடியில் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்பது தெரிந்த பிறகு மீட்டரின் அளவை முடிவுசெய்வதுதான் சரி. முப்பதோ பத்தோ ஓடினாலும் நான் வியக்க மாட்டேன்.

எங்கே பொருத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். தங்கள் ஃபிட்டர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் 'இடம் கிடைத்த இடம்' என்பதை ஏற்க முடியாது. முதலில் குழாய்களை ரைசரிலிருந்து (மாடிகளுக்கு நீரை ஏற்றும் செங்குத்துக் குழாய்) கடைசி எஃப்.சி.யூ. (அறைக்குள் இருக்கும் சிறு குளிர்காற்றுப் பெட்டி) வரை ஒரு முறை கையால் தொட்டுப் பின்தொடர்ந்து பாருங்கள். பல கட்டடங்களில் ஏ.எச்.யூ. அறைக்கு வருவதற்கு முன்பே, பின்னாளில் கட்டிய சந்திப்பு அறைக்கோ சர்வர் அறைக்கோ ரைசரிலிருந்து நேராக ஒரு கிளை போயிருக்கும். மீட்டர் ஏ.எச்.யூ. அறைக்குள் இருந்தால் அந்தக் கிளை கணக்கில் வரவே வராது. ஆகவே ரைசர் ஷாஃப்டிலிருந்து மாடிக்குப் பிரியும் இடத்தில், எல்லாக் கிளைகளுக்கும் முன்பாக, இருபுறமும் வால்வோடு மீட்டர் நிற்க வேண்டும். தங்கள் ஏ.எச்.யூ.க்களில் மூன்றுவழி வால்வு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர்ச்சி போதும் என்றபோது அது நீரைக் காயிலுக்குள் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) விடாமல் பைபாஸ் குழாய் வழியே திருப்பிவிடும். அப்படியானால் ஓட்ட மீட்டரும் இரண்டு உணரிகளும் பைபாஸ் பிரியும் இடத்துக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டத்தைப் பைபாஸுக்கு வெளியேயும் வெப்பநிலையைக் காயிலுக்கு அருகிலும் அளந்தால், காயிலுக்குள் போகாத நீருக்கும் சேர்த்து வாடகைதாரர் பணம் கட்டுவார்.

மீட்டருக்கு முன்னும் பின்னும் நேரான குழாய் வேண்டும். எவ்வளவு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மின்காந்த வகைக்கு முன்னே குழாய் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கும் பின்னே மூன்று மடங்கும் என்பது பொதுவான கணக்கு. சில அல்ட்ராசானிக் மீட்டர்கள் அதைவிடக் குறைவாகவே கேட்கின்றன. கையேட்டில் எழுதியிருப்பதைக் கொடுத்துவிட்டு, இடமிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொடுங்கள். துகள்களை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் முன்னால், ஓட்டத்தைச் சரிசெய்யும் பேலன்சிங் வால்வு பின்னால். முன்னாலிருக்கும் வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். சுழல் உண்டாகி அளவு கெடும். குழாயின் மிக உயர்ந்த இடத்தில் காற்று தேங்கும், ஆகவே அங்கே மீட்டர் வேண்டாம். 4 அங்குலத்திலிருந்து இரண்டரைக்குச் சுருக்கும்போது, கிடைக்குழாயில் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் ரெட்யூசரைப் போட்டால் காற்றுப்பை உருவாகாது. கிடைக்குழாயில் மின்காந்த மீட்டரின் எலக்ட்ரோடுகளோ, அல்ட்ராசானிக் மீட்டரின் ஒலியுணரிகளோ உச்சியிலும் அடியிலும் வரக் கூடாது. உச்சியில் காற்று, அடியில் வண்டல்.

ரிட்டர்ன் குழாயிலா, சப்ளை குழாயிலா? குளிர்நீரில் இது துல்லியத்தைப் பெரிதாகப் பாதிக்காது. 7 டிகிரி நீருக்கும் 12 டிகிரி நீருக்கும் அடர்த்தியில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். நான் ரிட்டர்னில் போடுவது வழக்கம். முக்கியமானது வேறொன்று: கணக்கிடும் கருவியில் எந்தக் குழாய் என்று அமைத்திருக்கிறார்களோ, அதே குழாயில் மீட்டர் இருக்க வேண்டும், சப்ளை, ரிட்டர்ன் உணரிகள் இடம்மாறக் கூடாது. வெப்பம், குளிர்ச்சி இரண்டையும் அளக்கும் மீட்டரில் உணரிகள் இடம்மாறினால் கணக்கு வெப்பப் பதிவேட்டில் ஏறும். குளிர்ச்சிப் பதிவேடு பூஜ்யத்திலேயே நிற்கும். பில் எழுதுபவர் 'இந்த மாதம் உபயோகம் இல்லை' என்று எழுதிக்கொண்டே போவார்.

சென்னையின் காற்றை மறந்துவிட்டு எழுதப்பட்ட கையேடுகளை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். புழுக்கமான மாதங்களில் இங்கே காற்று 25 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கிவிடும். 7 டிகிரிக் குழாய் மட்டுமன்று, 12 டிகிரிக் குழாயும் ஆண்டு முழுவதும் வியர்க்கும். கணக்கிடும் கருவியை மீட்டரின் முதுகிலேயே வைத்தால் ஒரே மழைக்காலத்தில் திரைக்குள் நீர் கோத்துவிடும். அதைச் சுவரில் தனியாக, கண்ணுயரத்தில் பொருத்துங்கள். நீருக்குள் இருப்பது போன்ற ஈரத்தைத் தாங்கும், மின்னணுப் பாகம் ரெசினில் அடைக்கப்பட்ட ஓட்ட உணரியைக் குளிர்நீருக்கென்றே கேளுங்கள். மீட்டரின் உடலைச் சுற்றியும் நைட்ரைல் ரப்பர் லேகிங்கை இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். பெயர்ப்பலகையைப் படிப்பதற்காகச் சின்ன ஜன்னல் விட்டால் அந்த வழியாகவே ஈரம் நுழையும். அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். வயர் மீட்டரைவிட்டுக் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டுப் பிறகு மேலேறினால், வயர்வழி வழியும் நீர் பெட்டிக்குள் போகாது.

குழாயை வெட்டி வெல்டிங் செய்யும்போது மீட்டர் அருகில்கூட இருக்கக் கூடாது. அதே நீளமுள்ள வெறும் குழாய்த்துண்டு ஒன்றை வைத்து வெல்டிங்கை முடித்து, நீரை ஓடவிட்டு, ஸ்ட்ரெய்னரைத் துப்புரவாக்கிய பிறகு மீட்டரை மாட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டுகளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பும்போது மாடியைக் குளிர்ச்சியில்லாமல் விடாமல் இருக்க அவை உதவும். சோதனைக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எதுவும் ஏற்புடையது. நமக்கு அருகில் பாலக்காட்டிலேயே மைய அரசின் பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் (எஃப்.சி.ஆர்.ஐ.) ஓட்டமானிகளைச் சோதித்துச் சான்று தருகிறது.

கணக்கைப் படிக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. தங்கள் பி.எம்.எஸ். (கட்டட மேலாண்மைக் கணினி அமைப்பு) நிறுவனம், ஓட்டத்தையும் வெப்பநிலைகளையும் கால்மணிக்கு ஒருமுறை தனித்தனியாக எடுத்து, தன் கம்ப்யூட்டரிலேயே பெருக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறது. வேண்டாம். கால்மணிக்கு இடையில் வால்வு திறந்து மூடுவது அந்தக் கணக்கில் வராது. மீட்டரின் உள்ளே கூடிக்கொண்டே போகும் பதிவேட்டு எண்ணை மட்டும் எம்-பஸ் அல்லது மோட்பஸ் தகவல் இணைப்பு வழியாக எடுத்தால் போதும். வலையமைப்பு ஒரு வாரம் அறுந்து கிடந்தாலும் அந்த எண் தவறாது.

கூட்டினால் ஒத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துப்போகாது, ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். ரைசர் குழாய்கள் வழியில் உறிஞ்சும் வெப்பமும் பம்ப் நீருக்குள் ஏற்றும் வெப்பமும் சில்லர் அறையின் மொத்த மீட்டரில் வரும், மாடிகளின் மீட்டரில் வராது. அதோடு ஒவ்வொரு மீட்டருக்கும் அதன் பிழை உண்டு. மொத்தத்தைவிட மாடிகளின் கூட்டு ஐந்து முதல் எட்டு விழுக்காடு குறைந்தால் நான் கவலைப்பட மாட்டேன். பத்தைத் தாண்டினால் ஏதோ ஒரு கிளை கணக்கிலிருந்து தப்பியிருக்கிறது. கூட்டு மொத்தத்தைவிட அதிகமாக வந்தால் ஏதோ ஓர் உணரி பொய் சொல்கிறது. மொத்த மீட்டர் சரியா என்பதற்கும் ஒரு வழி உண்டு. குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரஸர் தின்ற மின்சாரத்தைக் கூட்டினால், கூலிங் டவருக்குப் போகும் வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். சிங்கப்பூரில் பசுமைக் கட்டடச் சான்றுக்கு இந்தச் சமன்பாடு, எடுத்த அளவீடுகளில் 80 விழுக்காட்டில் 5 விழுக்காட்டு வரம்புக்குள் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பில்லை டன்-மணியில் அச்சிடுங்கள். வளைகுடா நாடுகளில் வேலைபார்த்துத் திரும்பியவர்களுக்கு அது பழகிய சொல். கிலோவாட்-மணி என்று போட்டால், 'எங்கள் மின்சார மீட்டரில் இவ்வளவு ஓடவில்லையே' என்று ஒவ்வொருவரும் வருவார்கள். ஏனென்றால் ஒரு டன்-மணி 3.517 யூனிட் குளிர்ச்சி, ஆனால் அதை உண்டாக்கத் தேவைப்படும் மின்சாரம் அதில் கால் பங்கு அளவில்தான். ஒரு மாதத்தில் சில்லர், பம்ப், கூலிங் டவர் எல்லாம் சேர்ந்து 54,000 யூனிட் இழுத்து, மொத்த மீட்டர் 60,000 டன்-மணி காட்டினால், ஒரு டன்-மணிக்கு 0.9 யூனிட், அதைத் தங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்குவதே அந்த மாதத்தின் விலை. குழாய் இழப்பையும் பொது இடங்களையும் சதுர அடியில் பிரிக்கலாம். பராமரிப்பு ஒப்பந்தம், நீர்ச் சுத்திகரிப்பு போன்ற நிலையான செலவுகளை ஒவ்வொரு மாடிக்கும் ஒதுக்கிய டன்னைக்கொண்டு பிரியுங்கள். அதாவது ஐந்தாம் மாடியின் பில் குறையும், ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. 40 டன் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. மூன்றாம் மாடிக்காக இரவில் ஒரு சில்லர் குறைந்த சுமையில் ஓடும்போது டன்-மணிக்கு ஆகும் மின்சாரம் பகலைவிட அதிகமாகும். இரவுக்குத் தனி விலை வைப்பதே நியாயம். மீட்டர் மணிவாரியாகப் பதிவை வைத்திருந்தால்தான் அது முடியும், அதையும் விலைப்புள்ளியில் கேளுங்கள்.

மீட்டரால் தீர்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் அடைத்த ஏ.எச்.யூ. உள்ள மாடியில் நீர் அதிகம் ஓடும், வித்தியாசம் 2 டிகிரியாகச் சுருங்கும். மாடி எடுத்த குளிர்ச்சியை மட்டுமே மீட்டர் கணக்கிடும். வீணாக ஓடிய நீருக்கான பம்ப் செலவு எல்லோர் தலையிலும் விழும். அதனால் மாதந்தோறும் பில்லில் டன்-மணியோடு சராசரி வெப்பநிலை வித்தியாசத்தையும் ஒரு வரி அச்சிடுங்கள். 4 டிகிரிக்குக் கீழே நிற்கும் மாடிக்கு முதலில் ஒரு கடிதம், பிறகு பராமரிப்பு ஆள்.

முதல் மூன்று மாதங்கள் பழைய சதுர அடிக் கணக்கிலேயே பணம் வாங்கிக்கொண்டு, மீட்டர் கணக்கைப் பார்வைக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், சங்கத்தின் ஆளும் அந்த மாடியின் ஆளும் சேர்ந்து நின்று, திரையில் டன்-மணி, இரண்டு வெப்பநிலைகள், பிழைக் குறியீடு ஆகியவை தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாம் மாடிக்கு மட்டும் முதல் வாரத்தில் இரவு பதினொரு மணிக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.